பசை காயும்வரை

ஒரு மனிதருக்கு எத்தனை ஜோடி சப்பாத்து வேண்டும் என்று என்னிடம் கேட்டால், யோசிக்காமல் நான்கு என்று சொல்வேன். வேலைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, நல்லது கெட்டதுக்கு ஒன்று, வீட்டைச் சுற்றி நடக்க ஒரு சிலிப்பர். ஐந்தாவது ஆடம்பரம், மூன்றோடு நிறுத்துவது கஞ்சத்தனம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, அம்மா போட்ட சட்டம். ஈப்போவில் என்னோடு வேலை செய்கிறவர்கள், ஒவ்வொரு பெண்ணிடமும் இருந்தே ஆக வேண்டிய காலணிகள் என்று படத்தோடு வரும் பட்டியல்களைக் கைப்பேசியில் அனுப்பிவைப்பார்கள். பார்த்ததும் சிரிப்பு வரும், அடுத்த நிமிடமே எரிச்சல் வரும். நான் அப்படித்தான். எதிலும் நிலையாக நிற்க வராது. இதை எழுத உட்கார்ந்த பிறகு மூன்று முறை எழுந்து போய் வந்துவிட்டேன், ஒரு முறை காரணமே இல்லாமல்.

நாங்கள் இருந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தின் கடைசி வீடு. அங்கே சப்பாத்து தேய்ந்து சாவதில்லை, நனைந்து சாகும். காலையில் பனி, மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடியும் பனி. திங்கட்கிழமை துவைத்த காலுறை புதன்கிழமைகூடச் சில்லென்று இருக்கும். ஓரம் பிரிந்து, துணி பச்சை பூத்து, ஆறே மாதத்தில் குப்பைக்குப் போகும் சப்பாத்துகளை லயம் முழுக்கப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் மட்டும் போகாது. அம்மா விடமாட்டாள்.

திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரிகளில் வரும் மரப்பெட்டிகள் நான்கை வாங்கி, ஆணி அடித்து, கதவுக்குப் பின்னால் ஒரு அடுக்கு செய்து வைத்திருந்தாள். மேல்தட்டு அப்பாவுக்கு, அடுத்தது அவளுக்கு, அதற்குக் கீழே எனக்கு, அடியில் தம்பிக்கு. வெளியே போய் வந்ததும் ஈரச் சேற்றைத் தொடக்கூடாது. காய விட்டுத் தட்ட வேண்டும், பிறகு பழைய பல்தேய்க்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். நனைந்த சப்பாத்துக்குள் தமிழ்ப் பத்திரிகையைக் கிழித்து உருண்டை உருட்டி அடைக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உருண்டையை மாற்ற வேண்டும். வெயிலில் நேராக வைத்தால் விறைத்துப் போகும், அடுப்புப் பக்கம் வைத்தால் அடி கழன்று வரும். இதையெல்லாம் அவள் எங்கே படித்தாள் என்று தெரியாது. பத்திரிகை வாங்குவது செய்திக்கா சப்பாத்துக்கா என்று அப்பா கேட்பார்.

எல்லாவற்றையும்விட லயத்தில் பேசப்பட்டது அவளுடைய இரட்டைச் சப்பாத்துக் கொள்கைதான். அப்போதெல்லாம் பள்ளிக்கு வெள்ளைச் சப்பாத்து, கறுப்பு வந்தது பிறகு. மற்ற வீடுகளில் வருடத் தொடக்கத்தில் ஒரு ஜோடி வாங்குவார்கள், பாதி வருடத்தில் இன்னொன்று வாங்குவார்கள். அம்மா ஆரம்பத்திலேயே ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கிவிடுவாள். இன்று போட்டதை நாளை போடக்கூடாது. அதற்கும் ஒரு நாள் லீவு வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் வேர்வை காயும் என்பாள். அந்த இரண்டு ஜோடியும் எனக்கு ஒரு வருடம் உழைத்து, பிறகு கால் வளரும் தம்பிக்குப் பெட்டியில் காத்திருக்கும். தம்பி பிறந்ததிலிருந்து புதுச் சப்பாத்தின் வாசனையை அறியாதவன். அதற்காக அவன் என்மேல் வைத்திருந்த கோபம் நியாயமானது.

ரிங்லெட்டில் ஒரு பாய் கடையில்தான் வாங்குவோம். காலையில் போகமாட்டாள். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கிய பிறகு, நான்கு மணிக்கு மேல்தான் கடைக்குள் நுழைவாள். காலையில் பொருந்துவது சாயங்காலம் கடிக்குமாம். சப்பாத்தைக் கையில் எடுத்து முன்பக்கம் வளைகிறதா, நடுவில் மடிகிறதா என்று பார்ப்பாள். நடுவில் மடிந்தால் அது வேண்டாம். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அமுக்குவாள், உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவுவாள், கடைசியில் முகர்ந்தும் பார்ப்பாள்.

"அக்கா, சப்பாத்து வாங்க வந்தீங்களா, மாடு வாங்க வந்தீங்களா? பல்ல மட்டுந்தான் இன்னும் பிடிச்சுப் பாக்கல லா" என்றார் பாய் ஒரு முறை.

"மாடுன்னா ஏமாந்து வாங்கினாலும் பாலாச்சும் குடுக்கும் பாய்" என்று அம்மா அடுத்த சப்பாத்தை எடுத்தாள்.

இத்தனை ஒழுங்கு உள்ள வீட்டில் நான் பிறந்து தொலைத்தேன். என் கால்கள் சும்மா இருந்ததே இல்லை. நடந்தால் கல்லை உதைப்பேன், நின்றால் தரையைக் கீறுவேன், வகுப்பில் மேசைக்கடியில் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ப்பேன். என் சப்பாத்துகள் எப்போதும் முனையில்தான் திறந்துகொள்ளும். அம்மா அதைத் தூக்கிப் பிடித்து, உன் காலில் எலி ஏதும் குடியிருக்கிறதா என்று கேட்பாள். பிறகு அடுக்கின் உச்சியிலிருந்து மஞ்சள் பசை டின்னை இறக்குவாள்.

அந்தப் பசையை ஒட்டுவது அவளுக்கு ஒரு பூசை. டின்னைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பிரிந்த அடியிலும் மேல்துணியிலும் மெல்லிசாகத் தடவி, உடனே ஒட்டாமல், விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை விட்டுவைப்பாள். அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்து அழுத்துவாள். அழுத்தியதும் கட்டிலைத் தூக்கி, அதன் காலைச் சப்பாத்துக்குள் இறக்கிவிடுவாள். ஒரு இரவும் ஒரு பகலும் கட்டில் என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கும். அதுவரைக்கும் தொடக்கூடாது. "பசைக்குத் தேவ பொறும, உனக்கு அது இல்ல. அதனாலதான் கட்டில்கிட்ட குடுத்து வைக்கிறேன்" என்பாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் முதலில் மலையில்தான் வேலை செய்தார், கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு செடி வரிசைமேல் போகும் வேலை. அவருக்கு இளைப்பு இருந்தது. பனி இறங்கும் மாதங்களில் பக்கத்து அறையிலிருந்து அவர் மூச்சு விடும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். தானா ராத்தா கிளினிக்கில் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு அம்மா ஆபீசுக்கு ஒரு வருடம் நடையாய் நடந்தாள். அதற்குப் பிறகுதான் அவரைத் தொழிற்சாலைக்குள் மாற்றினார்கள், மாடியில் கொழுந்து வாட்டும் இடத்துக்கு. நீளமான தொட்டிகள், நடுவில் கம்பிவலை, வலைமேல் முழங்கால் உயரத்துக்குப் பச்சைக் கொழுந்து. தொட்டியின் ஒரு முனையில் பெரிய விசிறி, வலைக்கு அடியில் வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். கொழுந்து இரவெல்லாம் அதில் வாடி, காலையில் அரைக்கப் போகும். மலை முழுவதிலும் நனையாத, குளிராத இடம் அது ஒன்றுதான். அப்பா அங்கே மாறிய வருடம் வீட்டில் அந்த மூச்சுச் சத்தம் கேட்கவேயில்லை. அந்த வேலைக்காக எத்தனையோ பேர் காத்திருந்தார்கள் என்பதும், அது கையை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது என்பதும் வீட்டில் பெரியவர்கள் இருவருக்கும் தெரியும்.

அதற்கென்று சில கட்டுப்பாடுகளும் இருந்தன. வெளியில் போட்ட சப்பாத்தோடு தொழிற்சாலைக்குள் போகக்கூடாது. வாசலில் கழற்றி, உள்ளே போட ஒரு ஜோடி வைத்துக்கொள்ள வேண்டும். வாசனை எண்ணெய் ஆகாது, பவுடர் ஆகாது, நெஞ்சில் தைலம்கூடத் தேய்க்கக்கூடாது. கொழுந்து பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். "கொழுந்துக்கு மூக்கு இருக்கு. உன் மூக்கவிட பெருசு" என்று அப்பா சொன்னபோது நான் என் மூக்கைக் கேலி செய்கிறார் என்று கோபித்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் தமிழ்ப்பள்ளியிலிருந்து குறுக்கோட்டத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மலையிலுள்ள பள்ளிகளெல்லாம் சேர்ந்து சனிக்கிழமை காலை தானா ராத்தாவில் ஓடுவது. படிப்பில் என் பெயரை யாரும் அழைத்ததில்லை, ஓடாதே என்று சொல்வதற்குத்தான் அழைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரம் நான் தரையில் இல்லை. படிக்கட்டு இருந்தால் இரண்டிரண்டாகத் தாவினேன், சோற்றை நின்றுகொண்டே தின்றேன். உதைக்கக் கல் கிடைக்காத இடத்தில் காற்றை உதைத்தேன். புதன்கிழமை ஒரு சப்பாத்தின் முனை திறந்துகொண்டது.

இரண்டு ஜோடியில் அதுதான் நல்ல ஜோடி. இன்னொன்று அடி வழுக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, சரிவில் ஓட ஆகாது. வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா நல்ல ஜோடிக்குப் பசை போட்டுக் கட்டிலுக்கு மாட்டினாள். சனிக்கிழமை காலை நானே எடுத்துத் தருவேன், அதுவரை அந்தப் பக்கமே போகாதே என்றாள். நானும் சரி என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் தம்பி மட்டும்தான். அம்மா மலையிலிருந்து வர நான்கு மணி ஆகும். நான் கட்டிலைப் பார்த்தேன். அது என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்கேயும் போகாமல் நின்றது. அந்த நிற்பே எனக்குப் பொறுக்கவில்லை. ஒட்டிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் நாளைக்கு எப்படி ஓடுவது? ஒரே ஒரு முறை, லயத்திலிருந்து வளைவுவரை ஓடிப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. தம்பியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கட்டிலைத் தூக்கினேன்.

வளைவுவரை ஒட்டியிருந்தது. திரும்பும்போது முனை வாயைத் திறந்தது, தடுக்கிக் கால்வாய்க்குள் விழுந்தேன். கணுக்கால்வரை சேறு, இரண்டு சப்பாத்திலும் தண்ணீர், மேலே மழையும் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓடி வந்து கழுவினேன். சனிக்கிழமை காலைக்குள் அது காயாது என்பதை எங்கள் மலையில் நடக்கத் தெரிந்த குழந்தையும் சொல்லும். எனக்குப் பயம் அம்மாவின் திட்டுக்கு அல்ல. ஈரச் சப்பாத்தைப் பார்த்தால் நீ போகவேண்டாம் என்று சொல்லிவிடுவாள், சொன்னால் சொன்னதுதான்.

நாற்காலி போட்டு டின்னை இறக்கினேன். மெல்லிசாகத் தடவி, பதம் பார்த்து, காத்திருந்து — அதற்கெல்லாம் நேரம் ஏது? கரண்டியால் அள்ளி முனைக்குள் ஊற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது சப்பாத்திலும் சுற்றிலும் ஊற்றினேன். அதிகம் போட்டால் அதிகம் ஒட்டும் என்பது என் கணக்கு. பத்திரிகையை உருட்டி உள்ளே அடைத்தேன். அந்த நேரத்தில்தான் மூன்று மணிக்கு அப்பாவுக்குச் சோற்று மங்குக் கிண்ணம் கொண்டுபோக வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. கூடவே, சூடான காற்று ஓய்வில்லாமல் வீசுகிற ஒரு இடமும் ஞாபகம் வந்தது. இவ்வளவு புத்தி எனக்கு இருப்பது பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா மத்தியானத்திலிருந்து இரவு எட்டுவரை வேலை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பின்கட்டுக் கொட்டகைக்குச் சாப்பிடப் போனார். மற்றவர்கள் கீழே அப்போதுதான் வந்து இறங்கிய கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன். கடைசித் தொட்டியின் விசிறிக்குப் பக்கத்தில், அடியில் இறங்கிக் கூட்டுவதற்காக ஒரு சின்னக் கதவு உண்டு. திறந்து இரண்டு சப்பாத்தையும் காற்று வரும் திசைக்கு வாய் வைத்து உள்ளே வைத்தேன். மேலே தொட்டி நிறைய அன்றைக்கு வெட்டிய கொழுந்து. கதவைச் சாத்தியபோது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

ஆறு மணிக்குக் காலிக் கிண்ணத்தை எடுத்து வருவதாக மறுபடி போனேன். நானாகவே ஒரு வேலையைச் செய்யப் போவதைப் பார்த்து அம்மா சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஆனால் அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். மாடியில் சின்னக் கதவைத் திறந்தேன். அப்பளம்போல் காய்ந்திருந்தன. கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்கவே, உள்ளே இருந்த பத்திரிகை உருண்டைகளைப் பிடுங்கி அங்கேயே எறிந்துவிட்டு, சப்பாத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அப்பா ஏன் நெடியைக் கவனிக்கவில்லை என்று கேட்கலாம். அவருக்கு அன்று ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. தைலமும் தேய்க்க முடியாதே.

கட்டிலைத் தூக்கிச் சப்பாத்தைப் பழையபடி மாட்டிவிட்டேன். காலையில் அம்மா கழற்றித் தந்தாள், முனையைச் சுற்றிப் பிதுங்கி நின்ற பசையைப் பார்த்து ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினாள். பள்ளி வேன் ஹாரன் அடித்தது, நான் ஓடிவிட்டேன்.

அந்த ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தேன். சரிவுகளில் சப்பாத்து தரையைப் பிடித்துக்கொண்டது, முனை திறக்கவேயில்லை. என் கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். அதை வீடு வரும்வரை கழற்றவில்லை, வேனில் அது ஆடி ஆடி என் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிக்கொண்டிருந்த அதே காலையில் தொழிற்சாலையில் நடந்ததை எனக்குச் சொன்னவர் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. அதுவும் பல வருடம் கழித்து, கம்போங் ராஜாவில் என் நிச்சயதார்த்தச் சாப்பாட்டில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில். உங்கள் அப்பா சப்பாத்து காயவைத்த கதை தெரியுமா என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். கடைசித் தொட்டிக் கொழுந்தை அரைக்க எடுத்தபோது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பசை நெடி. ஒரு தொட்டிக் கொழுந்தையும் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டினார்கள். விசிறியைச் சோதிக்க அடிக்கதவைத் திறந்தால் உள்ளே நான்கு பத்திரிகை உருண்டைகள் கிடந்தன. மஞ்சள் பசை ஒட்டிய தமிழ்ப் பத்திரிகை. மாடியில் வேலை செய்த மற்றவர்கள் எல்லாரும் நேப்பாளத்துக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான்.

"மேனேஜர் துரை மாடி ஆளுங்க எல்லாரையும் வீட்டுலேருந்து வரச்சொல்லிக் கேட்டாரு, இது யாருதுன்னு. உங்கப்பா அந்த உருண்டைய வாங்கிப் பிரிச்சுப் பாத்தாரு. அப்புறம் என்னுதுதான்னாரு. சப்பாத்துக்குப் பச போட்டேன், காயலன்னு வச்சேன்னாரு. அவ்ளோ வருஷம் வேல செஞ்ச மனுஷன், யாராச்சும் அப்படிச் செய்வாங்களா லா?" என்று கிராணி மோரை ஊற்றிக்கொண்டார். அவர் இன்றுவரை அதை நம்புகிறார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை அதற்குப் பிறகு எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று தெரியாது. அப்பா வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் பதக்கத்தைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசலில் உட்கார்ந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சப்பாத்து காஞ்சிருந்துச்சா?"

"நல்லா காஞ்சிருந்துச்சுப்பா."

"ம். ஈரத்தோட ஓடாத. வழுக்கும்."

என் ஓட்டத்தில் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பியிடம் போய் அதையும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சப்பாத்து துவைக்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போகாமல், ஆனால் வெகுதூரமும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு சப்பாத்தை மூக்குக்குக் கொண்டுபோனாள். துவைக்காத சப்பாத்து அது, ஓடிய வேர்வை வாடை அடிக்க வேண்டும். அவள் நீண்ட நேரம் முகர்ந்தாள். "தேயில வாசம் அடிக்குதுங்க" என்று மெதுவாகச் சொல்லி, அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், விடு என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள், தேவையே இல்லாத அளவுக்கு, அந்த முனையையே. பசை அதிகம் போட்டதை அம்மா கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தோம் என்று நான் தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே ஓடினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே தோட்டத்து ஸ்டோரில் கொடுத்த ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை வரும், கன்னங்கரேலென்று, புதுசு. இன்னொரு பையில் அவர் தொழிற்சாலைக்குள் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைச் சப்பாத்து. எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஜோடி வருவதென்றால் அது வருடத்தில் ஓரிரு முறை நடக்கும் விஷயம், அதுவும் பாய் கடையில் அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு. இது சும்மா வந்திருக்கிறது. நான் அதற்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு வீடு முழுக்க டம் டம் என்று நடந்தேன். தொடைவரை வந்தது.

நாளையிலிருந்து அப்பா மலைக்கு, மிஷின் ஆட்களோடு போகிறார் என்று அம்மா சொன்னாள். அப்பாவுக்குப் பிரமோஷனா என்று கேட்டேன். அவள் அடுக்கின் மேல்தட்டில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள், திரும்பிப் பார்க்காமல். வெள்ளைச் சப்பாத்தைத் துவைத்து, பத்திரிகை அடைத்து, ஒரு பையில் போட்டுக் கட்டிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டேன், பெட்டியை இழுத்து மூடினாள்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இதை இப்போது எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது உண்மை. நான்கு சுவருக்குள், ஒரே மாடியில், ஒரே தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும் வேலை ஒரு வேலையா? அப்படி என்னைப் போட்டிருந்தால் அரைமணியில் ஜன்னலைத் தாண்டிக் குதித்திருப்பேன். பாவம் அப்பா, இத்தனை நாளும் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார், இப்போதுதான் அவரை வெளியே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கே லயத்தில் வீடுவீடாகப் போய், எங்கள் அப்பாவுக்குப் புது பூட்ஸ், இனிமேல் மலைக்குத்தான் போவார் என்று சொல்லி வந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு ஒரு கணம் நின்றது. பொறாமை என்று புரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அப்பாவும் நானும் ஒன்றாகப் புறப்பட்டோம். பள்ளிக்கூடத்துப் பாதையும் மலைக்குப் போகும் பாதையும் முதல் ஏற்றம்வரை ஒன்றுதான். பனி இன்னும் கலையவில்லை, செடிகளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. நான் முன்னால் ஓடுவேன், திரும்பி வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றுவேன், மறுபடியும் ஓடுவேன். புது பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் கிறீச்சிட்டது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. பாதி ஏற்றத்தில் அது நின்றுபோனதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, கீழே பனிக்குள் மறைந்து கிடந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கப்பா, சீக்கிரம்" என்று கத்தினேன். அவர் நீ போ என்று கையை மட்டும் அசைத்தார்.

இவ்வளவு நாள் உள்ளேயே கிடந்தவர் ஆசைதீர மலையைப் பார்க்கிறார் என்று நினைத்து, அவரை விட்டுவிட்டு நான் ஓடிப்போனேன்.